ஒன்பது தடவை கேட்கும் கட்டம்

பூங்கோதைக்குப் பிழைப்பே சுருக்குவதுதான். நூற்பாலை, பால் குளிரூட்டும் நிலையம், பள்ளிக்கூடம் என்று ஈரோட்டைச் சுற்றி எங்கெங்கோ இருந்து விரிதாள்களை அனுப்புவார்கள். ஏதாவது ஒரு கட்டத்துக்குள் நாலு பக்க நீளத்துக்குப் பார்முலா ஓடிக்கொண்டிருக்கும். எழுதினவருக்கே அது என்ன செய்கிறது என்று மறந்து போயிருக்கும். இவள் அதைப் பிரித்துப் பார்த்து, திரும்பத் திரும்ப வருகிற துண்டு எது என்று கண்டுபிடித்து, அதற்கு முதல் வரியிலேயே ஒரு பெயர் வைத்துவிடுவாள். அப்புறம் அந்தத் துண்டு வரும் இடத்திலெல்லாம் பெயரை எழுதினால் ஆயிற்று. நாலு பக்கம் நாலு வரியாகிவிடும். இயந்திரங்கள் எத்தனையோ வேலையைப் பிடுங்கிக்கொண்ட அந்த 2058-ஆம் வருடத்திலும் இந்த வேலை மட்டும் மனிதர் கையில் மிச்சமிருந்தது. அடுத்தவர் குழப்பத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சமாவது குழம்பத் தெரிந்த ஆள் வேண்டும் அல்லவா.

அவளுடைய கணவர் தெய்வசிகாமணி காங்கேயம் சாலையில் இருந்த ஓர் இல்லத்தில் பதினேழாம் நம்பர் படுக்கையில் இரண்டு வருடமாகக் கிடந்தார். போர்வெல் வண்டியில் ஆபரேட்டராக இருந்தவர். சத்தீஸ்கரில் ஏதோ ஒரு கிராமத்தில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தம் கட்டி விழுந்தவர்தான், அப்புறம் எழுந்திருக்கவில்லை. விரல் அசையாது, இமை அசையாது, மூச்சு கருவியால் வந்துபோகும். ஆனால் காது கேட்கும், நினைவு இருக்கும். அதுதான் கொடுமை.

அப்படிப்பட்டவர்கள் அந்த இல்லத்தில் அறுபத்தொரு பேர். ஒவ்வொருவர் தலையைச் சுற்றியும் ஒரு பட்டை இருந்தது. கேள்வி ஒன்று காதில் விழுந்தால், மூளை ‘வேண்டும்’ என்கிறதா, ‘போதும்’ என்கிறதா என்று அந்தப் பட்டை படித்துச் சொல்லிவிடும். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அதற்குப் படிப்பு கிடையாது. தினமும் காலை பத்து மணிக்கு அறுபத்தொரு பேரையும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்பது சட்டம். பட்டையே அவரவர் காதுக்குள் மெல்லக் கேட்கும், கேள்வியும் ஒன்றுதான்: மூச்சுக் கருவி இன்னும் வேண்டுமா, போதுமா? விடாமல் ஏழு நாள் ‘போதும்’ என்று வந்தால், ஏழாம் நாள் குடும்பத்தார் பக்கத்தில் இருந்து பார்த்து, கையெழுத்துப் போட்டு, கருவியை நிறுத்திவிடலாம். மற்ற நேரமெல்லாம் பட்டையை அணைத்து வைத்துவிட வேண்டும். சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்டுத் துளைக்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது.

கேட்பது, பதிலை வாங்குவது, நாளை எண்ணுவது எல்லாவற்றையும் ஒரு விரிதாள் பார்த்துக்கொண்டது. தெய்வசிகாமணிக்கு இரண்டு வருடமாகப் பச்சை விளக்குதான், வேண்டும் என்று. பத்தரை மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். பூங்கோதை போய், “ஏனுங்க மாமா” என்று கையைத் தொடுவாள். ஒன்றிரண்டு நிமிடத்தில் படுக்கைத் தலைமாட்டில் பச்சை எரியும். அவள் கண்ணுக்குப் பட்ட ஒரே குறை அவர் நெற்றி வேர்வை. அந்த அரை மணி நேரத்தில் அவர் எங்கேயோ மலையேறிவிட்டு வந்தவர் போல நனைந்திருப்பார்.

“ஏனுங்க, நீங்க இந்தப் பார்முலா வேலதான பண்றீங்க?” என்று ஒரு நாள் இல்லத்தின் தலைமை மருத்துவர் ஜெயசீலன் அவளை நிறுத்திக் கேட்டார். “எங்க ஷீட்டக் கொஞ்சம் பாத்துத் தரீங்களா? பத்து மணிக்கு ஆரம்பிச்சா பத்தரை தாண்டியும் இழுக்குது. ஒரே ஒரு கேள்விக்கு இத்தன நேரம்னா எங்கியோ கோளாறுங்க.”

“யாரு எழுதுனதுங்க?”

“ரங்கநாயகின்னு ஹெட் நர்ஸ் இருந்தாங்களே, அவிகதான். இப்பத் தாராபுரத்துல எங்க இன்னொரு இல்லத்தப் பாத்துக்கறாங்க. தங்கமான மனுசி. ஆனா கம்ப்யூட்டர் படிச்சவங்க இல்லீங்க.”

அவர் முடிக்கும் முன்பே பூங்கோதை சரி என்றுவிட்டாள். அந்த வேர்வையைத் துடைத்துத் துடைத்து அவளுக்கு மனசு விட்டுப் போயிருந்தது. கேள்வி சட்டென்று முடிந்தால் மனிதருக்கு அந்த அவஸ்தையாவது மிச்சமாகுமே என்று நினைத்தாள்.

கட்டத்தைத் திறந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூவாயிரத்து நூறு எழுத்து. படுக்கை எண், பட்டை எண், கேள்வியின் வாசகம் எல்லாம் சேர்ந்து மூன்று வரிக்கு ஒரு துண்டு. அந்தத் துண்டு அப்படியே ஒன்பது தடவை வந்தது. படுக்கையைக் கேள், பதில் ‘போதும்’ என்றால் படுக்கையைக் கேள், அதுவும் ‘போதும்’ என்றால் படுக்கையைக் கேள். இப்படியே ஒன்றுக்குள் ஒன்றாக ஒன்பது. நடுவில் எங்கேயாவது ‘வேண்டும்’ வந்தால் அங்கேயே நின்றுவிடும். ஒரு தடவை கேட்டு ஒரு தடவை பதில் வாங்கின பிறகு அதே கேள்வியை எதற்கு இன்னும் எட்டுத் தடவை கேட்பது? பாவம், ஒட்டத் தெரிந்த அளவுக்கு அந்த அம்மாவுக்கு வெட்டத் தெரியவில்லை என்று பூங்கோதை நினைத்துக்கொண்டாள்.

துண்டுக்கு ‘பதில்’ என்று பெயர் வைத்தாள். பதில் என்பது படுக்கையைக் கேட்டு வாங்குவது. பதில் ‘போதும்’ என்றால் போதும், இல்லையென்றால் வேண்டும். தீர்ந்தது. ஒன்றரை வரி.

சோதிக்காமல் எதையும் அனுப்புகிறவள் இல்லை அவள். இரண்டு வருடத்துப் பழைய பதிவு முழுவதையும், நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் வரியையும், பழைய பார்முலாவுக்குள்ளும் புதிய பார்முலாவுக்குள்ளும் விட்டுப் பார்த்தாள். ஒரு வரிகூடப் பிசகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அனுப்பிவிட்டு, ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை பத்து மணி நாலு நிமிடத்துக்கெல்லாம் கேள்வி முடிந்துவிட்டது. பத்தரைக்கு அவள் உள்ளே போனபோது தெய்வசிகாமணியின் நெற்றி உலர்ந்திருந்தது. தலைமாட்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. சிவப்பு என்றால் போதும். இரண்டு வருடத்தில் அவள் ஒரு நாளும் பார்க்காத நிறம்.

“என்னங்க மாமா இது” என்று குனிந்து கேட்டாள். பட்டை அணைந்திருந்தது. அவர் கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்தால் ஜெயசீலனின் முகமும் சரியில்லை. வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேர் ‘போதும்’ என்பார்கள். அன்றைக்கு முப்பத்தெட்டுப் பேர். செவ்வாய்க்கிழமையும் முப்பத்தெட்டு. புதன்கிழமை நாற்பது. பட்டைகளைக் கழற்றிச் சோதித்தார்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தன. கோயம்புத்தூரிலிருந்து மனநல ஆலோசகர் வந்து படுக்கை படுக்கையாக உட்கார்ந்து பேசினார். பாட்டுப் போட்டுப் பார்த்தார்கள். சன்னல் திரையை மாற்றிப் பார்த்தார்கள். ஏதோ ஒரு விரக்தி வார்டு முழுவதும் தொற்று மாதிரி பரவிவிட்டது என்றே பேசிக்கொண்டார்கள்.

பூங்கோதைக்கு மற்றவர்களைப் பற்றி யோசிக்கத் தெம்பில்லை. அவளுக்குக் கோபமாக வந்தது, அதை ஒளிப்பானேன். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவளிடம் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லாத மனிதர். உப்புப் போட மறந்த ரசத்தைக்கூட “நல்லாத்தான இருக்குது” என்று குடித்துவிட்டு எழுந்தவர். வண்டியோடு வருடத்தில் எட்டு மாதம் வெளியூரில் கிடந்துவிட்டு வந்து, வந்த அன்றைக்கே அவள் கூப்பிட்டாள் என்று அவளுடைய தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினவர். அப்படிப்பட்டவர் இப்போது கருவியிடம் போதும் என்கிறார். அவளிடம் சொல்லாமல் கருவியிடம். தினமும் பஸ் ஏறி வந்து போகிறவளுக்கு இது என்ன மரியாதை என்று மனசுக்குள் திட்டினாள். அடுத்த நிமிடமே, ஞாயிற்றுக்கிழமை ஏழாம் நாள் என்பது நினைவு வந்து கோபமெல்லாம் பயமாகிவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தத் திங்கட்கிழமை வார்டில் திரையும் மாறவில்லை, சாப்பாடும் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை. மாறினது அவள் எழுதிக் கொடுத்த ஒன்றரை வரி மட்டும்தான்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் தாராபுரம் போனாள். ரங்கநாயகி அங்கே மருந்தறை வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, குழாய் வழியாகக் கொடுக்கிற கஞ்சி டப்பாக்களை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கனத்த உடம்பு, கண்ணாடி, காதோரம் நரை. பூங்கோதையைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம்.

“நான் தெய்வசிகாமணி வீட்டுக்காரிங்க்கா.”

“பதினேழு. தெரியாம இருக்குமா? உக்காருங்க அம்மிணி. காப்பி கொண்டாரச் சொல்லட்டுமா?”

“வேண்டாங்க்கா. இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்.”

“அட, ஒரு வாய் குடிங்க.”

“ஐயோ, வேண்டாங்க்கா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்.”

“சிரமம் என்ன சிரமம். போட்டாச்சு.”

“சரி, அரை டம்ளர் போதுமுங்க.”

முழு டம்ளர் வந்தது. பூங்கோதை விடியற்காலை நாலரை மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. கடகடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் பார்முலாவைச் சுருக்கினது, சோதித்தது, முப்பத்தெட்டுப் பேர், சிவப்பு விளக்கு, நாளைக்கு ஏழாம் நாள். ரங்கநாயகி கேட்கக் கேட்க, எண்ணிக்கொண்டிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“இப்ப நீங்க எத்தன தடவ வேண்டாம்னீங்க?” என்று கேட்டாள்.

“எதுக்குங்க்கா?”

“காப்பிக்கு. ரெண்டு தடவ வேண்டாம்னு சொல்லிப்போட்டு மூணாந் தடவ அரை டம்ளர்னீங்க. குடிச்சது முழு டம்ளர். மொதத் தடவ வேண்டாம்னதும் நான் எந்திரிச்சுப் போயிருந்தா நீங்க பசியோட பஸ் ஏறியிருப்பீங்க.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “நம்ம சனத்துக்கு அதான பழக்கம். ஒறம்பரையா விருந்துக்குப் போனா மொத வார்த்த வேண்டாம்னுதான் வரும். அத நெசம்னு நம்பி வாளியத் தூக்கிட்டுப் போறவளப் பந்தில யாராச்சும் மதிப்பாங்களா?”

பூங்கோதை கீழே இருந்த காலி டம்ளரைப் பார்த்தாள்.

“நானும் ஆரம்பத்துல ஒரு கேள்விதான் வெச்சிருந்தேன். நாலாம் நம்பர்ல ராமாத்தாள்னு ஒரு அம்மா. ஆறு நாள் போதும் போதும்னாங்க. ஏழாம் நாள் மகன் வந்து நின்னுட்டு இருக்கறான், மெசின் பாக்கறவன் கை தவறிக் கேள்விய ரெண்டு தடவ அமுத்திட்டான். ரெண்டாந் தடவ வேணும்னுட்டாங்க. எனக்கு ஒடம்பே ஆடிப் போச்சு. இவிக எல்லாம் படுத்துக் கெடக்கற ஒறம்பர அம்மிணி. ஊரான் கையில சோறு, ஊரான் கையில குளியல். நமக்காக எதுக்கு இத்தன பேரு சிரமப்படோணும்னு மொதல்ல போதும்னுதான் சொல்லுவாங்க. மறுபடி கேட்டாத்தான், ஓகோ, இவிக மனசாரத்தான் கேக்கறாங்கன்னு நம்புவாங்க. அதனால ரெண்டு வெச்சேன். அப்பறம் மூணு, அஞ்சு. நாலு நிமிசத்துக்கு ஒருக்கா.”

“நான் ஒரே கேள்வின்னு நெனச்சுட்டேனுங்க்கா” என்றாள் பூங்கோதை. “பழைய பதிவ ஓட்டிப் பாத்தேன். அதுல ஒரு நாளைக்கு ஒரு பதில்தான் இருந்துச்சு, கடைசிப் பதில். அதையே ஒம்பது தடவ காட்டுனாலும் ஒரு தடவ காட்டுனாலும் ஒன்னாத்தான வரும். உசுரோட இருக்கற ஆளு அப்படி இல்லைன்னு எனக்குத் தோணல.”

“நீங்க என்ன தெரிஞ்சா பண்ணுனீங்க?”

“ஆனா அஞ்சுன்னீங்களே. ஷீட்டுல ஒம்பது இருந்துச்சுங்களே.”

ரங்கநாயகி எழுந்து போய் மருந்தறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அஞ்சுக்குள்ள எல்லாரும் வேணும்னுடுவாங்க. நெசமாலுமே போதும்னு இருக்கறவங்க அஞ்சு தடவையும் அதத்தான் சொல்லுவாங்க. அப்படி ரெண்டு பேர நாங்க அனுப்பி வெச்சோம். உங்க வீட்டுக்காரரு வந்தப்ப, அவரும் அஞ்சு தடவையும் போதும்னாரு. ஆறு நாளு. நீங்க அப்பப் பதினோரு மணிக்கு வருவீங்க, அப்ப அதான் பாக்கற நேரம். தலமாட்டுல வெளக்கும் அப்ப வெக்கல. தெனமும் வாசல்ல நின்னு சிரிச்ச மொகமா உள்ள வருவீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்கு நாக்கு எழல. ஆறாம் நாளு ஒரு பரிசோதனைன்னு பொய் சொல்லி, பட்டை ஓடறப்பவே உங்கள உள்ள கூப்புட்டேன். நெனவிருக்குதுங்களா?”

“இருக்குது.”

“நீங்க ‘ஏனுங்க மாமா’ன்னீங்க. அவரு வேணும்னாரு.”

வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

“மறுநாளே பாக்கற நேரத்தப் பத்தரைக்கு மாத்துனேன். கேள்விய ஒம்பதாக்குனேன். ஒம்பதாவது கேள்வி பத்து முப்பத்தி ரெண்டுக்கு வரும். நீங்க அதுக்கு ரெண்டு நிமிசம் முன்னால உள்ள வந்திருப்பீங்க. மத்தவிக அஞ்சுக்குள்ள முடிஞ்சிருவாங்க. மிச்சம் நாலும் அவருக்காகத்தான் இருந்துச்சு.”

பூங்கோதை முன்னால் சாய்ந்தாள். “அப்ப எதுங்க்கா நெசம்? எட்டா, ஒன்னா?”

“தெரியல அம்மிணி. உங்கக் குரலக் கேட்டா அவருக்கு உசுரு மேல ஆச வருதோ என்னமோ. இல்லாட்டி உங்க மொகத்துக்கு நேரா இல்லைங்கத் தெரியலையோ. பந்தில இலய மறச்சாலும் விடாம ஊத்துவோம் பாருங்க. மனசு நோகக் கூடாதுன்னு அவிகளும் தின்னுட்டு, வெளிய போயி வயித்தப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அப்படி ஊட்டிட்டு இருக்கனோன்னு எனக்குப் பல நாளு தோணும். கேட்டுப் பாக்கத் தைரியம் வரல. நான் பண்ணுனது சரியா தப்பான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல.”

திரும்பி வந்து சேர மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. பூங்கோதை நேராக ஜெயசீலன் அறைக்குப் போய், தப்பு தன்னுடையது என்று சொன்னாள். அவர் எதிரிலேயே உட்கார்ந்து மூவாயிரத்து நூறு எழுத்தையும் எழுத்து மாறாமல் பழையபடி ஏற்றினாள். விசயம் முழுவதும் புரிந்தபோது அந்த மனிதர் மேசையில் தயாராக இருந்த கடிதக் கட்டை எடுத்து ஓரமாக வைத்தார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் முப்பத்தெட்டுக் குடும்பங்களுக்குக் கடிதம் போயிருக்கும்.

“பதினேழாம் பட்டையோட உள்பதிவு வேணுமுங்க” என்றாள். “கடைசிப் பதில் இல்ல. ஒவ்வொரு தடவையும் என்ன சொன்னாருன்னு.”

பட்டைக்குள் எல்லாம் இருந்தது. இரண்டு வருடம். எட்டுப் போதும், ஒரு வேண்டும். எட்டுப் போதும், ஒரு வேண்டும். பக்கம் பக்கமாக அதுவேதான். முதல் வாரத்தையும் இந்த வாரத்தையும் விட்டால், போன சித்திரையில் நாலு நாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அந்த நாலு நாளும் ஒன்பதும் போதும். அவளுக்குக் காய்ச்சல் கண்டு படுக்கையைவிட்டு எழ முடியாமல் கிடந்த நாட்கள் அவை. ஏழு நாள் ஆகாததால் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ஜெயசீலனும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “நாளைக்கு ஏழாம் நாள். சட்டப்படி நீங்க பத்து மணியில இருந்தே பக்கத்துல இருக்கோணும். நீங்க ஒன்னும் பண்ண வேண்டாமுங்க. சும்மா கையப் புடிச்சுக் கூப்புட்டீங்கன்னாலே மொதக் கேள்விக்கே வேணும்னுடுவாரு. நாள் கணக்கு அழிஞ்சு போகும். இன்னும் எத்தன வருசம் வேணும்னாலும் இப்படியே போலாம்.”

“தெரியுதுங்க” என்றாள் பூங்கோதை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் படுக்கையருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஜெயசீலன் சுவரோரம் நின்றார். அவள் அவர் கையைத் தொடவில்லை. ‘மாமா’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“நான்தானுங்க. இன்னிக்கி முன்னாலயே வந்துட்டேன். ஒரு விசயம் சொல்லோணும். நான் வர்றதுக்கு முன்னால எட்டுத் தடவ என்ன சொல்றீங்க, வந்ததுக்கப்பறம் என்ன சொல்றீங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. கோவமில்லீங்க. இருந்துச்சு, போயிருச்சு. உங்களுக்கு இருக்கோணும்னு இருந்தா வேணும்னு சொல்லுங்க. எத்தன வருசமானாலும் நான் வருவேன். எனக்கு அது பாரமே இல்ல, இந்த நேரம்தான் எனக்குப் புடிச்ச நேரம். ஆனா எனக்காகச் சொல்ல வேண்டாம். நான் தனியா இருந்துக்குவேன். சமைச்சுக்குவேன், சாப்புடுவேன், வேல பாப்பேன். அழுவேன். அழுதா என்ன. இருவத்தி ரெண்டு வருசமா நீங்க என்னை ஒன்னுக்கும் மறுத்ததில்ல. இன்னிக்கி மறுக்கறதுன்னாலும் மறுத்துக்கலாமுங்க. இனி நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

பத்து மணிக்குப் பட்டையில் சிறு விளக்கு எரிந்தது. அவர் காதுக்குள் பட்டையின் குரல் ஒலித்தது: மூச்சுக் கருவி இன்னும் வேண்டுமா, போதுமா?

வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. பிறகு படுக்கையோரம் ஜெயசீலன் வைத்திருந்த சிறு திரையில் வந்தது: போதும்.

நாலு நிமிட இடைவெளி. அடுத்த கேள்வி. போதும்.

பக்கத்து வார்டில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. ராமாத்தாளுக்கு எரிந்தது. ஐந்தாவது கேள்விக்குள் முப்பத்தெட்டில் முப்பத்தாறு பேர் வேண்டும் என்றுவிட்டார்கள் என்று நர்ஸ் ஒருத்தி வாசலில் வந்து மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள். ஜெயசீலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூங்கோதை திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நாலு நாலு நிமிடங்களிலும் அந்த வார்த்தை அவள் நாக்கு நுனியிலேயே நின்றது. ஒரே ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டால் நாளைக்கும் பத்தரைக்கு வரலாம், நாளன்றைக்கும் வரலாம். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். ஆறாவது கேள்விக்குப் பதில் வரத் தாமதமானபோது அவள் திரையை நோக்கிக் குனிந்தாள். போதும். ஏழாவது. போதும். எட்டாவது. போதும்.

பத்து முப்பத்தி இரண்டு. இரண்டு வருடமாக அவளுக்காகவே காத்திருந்த கேள்வி. அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், மூச்சுச் சத்தம் அவருக்குக் கேட்கிற தூரத்தில். இந்தத் தடவை பதில் உடனே வந்தது.

போதும்.

ஜெயசீலன் பட்டையை அணைத்தார். கருவியை நிறுத்தும் காகிதத்தை நீட்டவும் மனசில்லாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் நின்றார்.

“தள்ளிப் போடறதுக்கும் சட்டத்துல எடமிருக்குதுங்க” என்றார். “மறுபடி ஒரு ஏழு நாள் கேட்டுப் பாக்கலாம். மனுச மனசுதான, மாறலாம்.”

பூங்கோதை தெய்வசிகாமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டாச்சுங்க” என்றாள்.

காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். ஸ்டூலை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டு, அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். இனி எந்தக் கேள்விக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று உறுதியான பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“மாமா.”